மறுகரை: பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் வரை எட்டு நாள்

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் கண்ணை மூடினால் நூல் பிடித்தாற்போல் போகிற தார்ச்சாலையும் இரண்டு பக்கமும் செம்மண்ணும்தான் வருகின்றன. பெர்த்தில் ஆறு வருடமாக இருக்கும் கல்லூரி நண்பன், அவன் மனைவி, சென்னையிலிருந்து வந்த தென்காசிக்காரன், சிங்கப்பூரிலிருந்து போன நான், ஆக நாலு பேர். மேற்கு ஆஸ்திரேலியாவின் கடலோரமாக வடக்கே எக்ஸ்மவுத் வரை நேராகப் போனாலே சுமார் 1,250 கிலோமீட்டர். அங்கங்கே உள்ளே போய்த் திரும்பியதில் எங்கள் கணக்கு 2,000-ஐத் தாண்டிவிட்டது.

நான் தூத்துக்குடிக்காரன். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர்க் கடலும் இந்தக் கடலும் ஒரே இந்தியப் பெருங்கடல் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். நேரில் போய் நிற்கும் வரை அது எனக்கு உறைக்கவில்லை.

ஆகஸ்ட் 10, 2024, சனி: பெர்த் – செர்வான்டிஸ் – ஜெரால்டன்

கிளம்பும்போதே மழை. ஆகஸ்ட் அங்கே குளிர்காலத்தின் கடைசி. வடக்கே போகப் போக வெயில் ஏறும் என்றான் நண்பன். தங்கச்சி (நண்பன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டி எடுத்து வந்திருந்தாள். வண்டியின் பின்னால் ரைஸ் குக்கர், அஞ்சு கிலோ அரிசி, இருபது லிட்டர் தண்ணீர். "அண்ணே, நடுவுல முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு கடைகூட இருக்காது. நம்ம சோறு நம்மகிட்ட இருந்தாத்தான் தைரியம்" என்றாள். அந்தச் சோறு மூன்றாம் நாள் வேறொரு விதத்தில் உதவியது.

2010-இல் முழுசாகத் திறந்த கடலோரச் சாலை. வலது பக்கம் புதர்க்காடு, இடது பக்கம் வெள்ளை மணல்மேடு, மேட்டுக்கு அந்தப்பக்கம் கடல். செர்வான்டிஸில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். அந்த ஊரே சிங்கிறாலை நம்பி இருக்கிற ஊர். பாதிச் சிங்கிறாலும் உருளைக்கிழங்கு வறுவலும் உள்ள தட்டு 50 ஆஸ்திரேலிய டாலரை நெருங்கியது. இரண்டு தட்டு வாங்கி நாலு பேரும் பகிர்ந்துகொண்டோம். பூண்டு வெண்ணெய் தடவிச் சுட்ட அந்தச் சதையின் இனிப்பை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தூத்துக்குடியில் வலையில் சிங்கிறால் விழுந்தால் நேராக ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போய்விடும். பிடித்தவர் வீட்டுச் சட்டியில் அது ஏறாது. இங்கேயும் பெரும்பகுதி சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்ததுதான், 2020 கடைசியில் சீனா வாங்குவதை நிறுத்தும்வரை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சின்னதையும் முட்டையோடு இருக்கிறதையும் கடலிலேயே திரும்ப விட்டுவிடுகிறார்கள். அளவோடு பிடிப்பதற்கென்று தரப்படும் சர்வதேசச் சான்றிதழை 2000-ஆம் ஆண்டு உலகத்திலேயே முதலில் வாங்கியது இந்தத் தொழில்தான்.

பினாக்கிள்ஸ் போனபோது மழை விட்டிருந்தது. மஞ்சள் மணலில் ஆயிரக்கணக்கில் சுண்ணாம்புக்கல் தூண்கள், சில இடுப்பளவு, சில ஆளைவிட உயரம். எல்லாம் ஒரு காலத்தில் கடல் சிப்பி. சிப்பி பொடியாகி, பொடி கல்லாகி, சுற்றியிருந்த மணலைக் காற்று கொண்டுபோனதும் நிற்கிற மிச்சம். கட்டணம் ஆளுக்கு இல்லை, வண்டிக்குத்தான். தூண்களுக்கு நடுவிலேயே வண்டியை ஓட்டிப் போகலாம். நாங்கள் பாதியில் இறங்கி நடந்தோம். யாரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு: ஜெரால்டன் – ஹட் லகூன் – கால்பாரி

ஜெரால்டனில் குன்றின் மேல் ஒரு வெள்ளிக் குவிமாடம். நவம்பர் 1941-இல் 'சிட்னி' என்ற போர்க்கப்பல் ஜெர்மன் கப்பலோடு சண்டையிட்டு மூழ்கியது. இருந்த 645 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. குவிமாடத்தை எஃகுப் பறவைகளாலேயே பின்னியிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு கடற்புறா. பக்கத்தில் ஒரு பெண் சிலை, காற்றில் பறக்காமல் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி. கப்பல் கிடக்கும் இடம் 2008-இல்தான் தெரிந்தது. அந்தச் சிலை அதற்கு முன்பே அங்கே நிற்கிறது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகளை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

அருங்காட்சியகத்தில் 'பட்டாவியா' கப்பலின் மிச்சங்கள். 1629-இல் இந்தக் கரைக்கு எதிரே பவளத்திட்டில் மோதி உடைந்த டச்சுக் கம்பெனிக் கப்பல். கரையேறியவர்களில் நூறு பேருக்கு மேல் சொந்தக் கப்பல்காரர்கள் கையாலேயே செத்தார்கள். பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) கோட்டைக்கு வாசல் கட்டக் கொண்டுபோன கற்களைக் கடலடியிலிருந்து எடுத்து வந்து வளைவாகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதே கம்பெனிதான் 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தது. அந்தக் கல்வளைவுக்குக் கீழே நிற்கும்போது எங்கள் ஊர்ப் பழைய துறைமுகத் தெருக்கள் நினைவுக்கு வந்தன.

ஹட் லகூனைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர்ட் கிரிகோரி பக்கம் சாலையோரமாகவே ஏரி முழுக்க இளஞ்சிவப்புத் தண்ணீர். படம் எடுக்க வந்த கூட்டம் ஒரே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அது வீட்டு வாசல். உப்பளப் பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற முதலில் லேசாக ரோஸ் நிறம் தட்டும், அப்புறம் சிவக்கும். உப்புத் தண்ணீரில் மட்டுமே வளர்கிற ஒரு நுண்பாசியின் நிறம் அது. இங்கே அந்தப் பாசியை வளர்த்து, காரட்டில் இருக்கிற அதே பீட்டா கரோட்டினை எடுத்து விற்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தச் சிவப்புக்கு ஒரே அர்த்தம், உப்பு விழப்போகிறது. அப்பா கண்ணாடிக் குழலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு உப்பின் அடர்த்தி எத்தனை டிகிரி என்று பார்ப்பார். 25 தொட்டால் உப்பு இறங்கும்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து விரலால் மேலேட்டைக் கீறினேன். நொறுங்கி வந்தது. நாக்கில் வைத்தால் முதலில் உப்பு, பின்னாலேயே ஒரு கசப்பு. மழைக்குப் பிறகு அப்பா பாத்தியிலிருந்து கொண்டுவந்து காட்டும் முதல் உப்பின் அதே கசப்பு. சிக்னல் வந்ததும் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். ராத்திரி குரல் செய்தி வந்தது: "ஏல, தண்ணி நல்லா முத்திருச்சு. மழ வராம இருந்தா நாலஞ்சு நாள்ல உப்பு விழுந்துரும்."

அவரைப் பொறுத்தவரை அதுவும் ஒரு பாத்திதான்.

ஆகஸ்ட் 12, திங்கள்: கால்பாரி – டென்ஹாம் சாலை

காலையில் கால்பாரி பள்ளத்தாக்கு. மர்ச்சிசன் ஆறு செம்பாறையை அறுத்துக்கொண்டு போகிறது. 2020-இல் கட்டிய இரண்டு நடைமேடைகள் பாறை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன, ஒன்று 25 மீட்டர், இன்னொன்று 17. கீழே நூறு மீட்டருக்கு வெறும் காற்று. ஈக்கள்தான் தாங்க முடியவில்லை. கண்ணோரத்து ஈரத்தைத் தேடி வருகின்றன. முகத்துக்கு வலை போட்ட தொப்பி 12 டாலர். வாங்காமல் போனது தப்பு. ஊருக்குள் ரொட்டிக் கடையில் இருந்த அம்மா, ஏப்ரல் 2021-இல் செரோஜா புயல் வந்த ராத்திரியைப் பற்றிச் சொன்னார். கூரை போனதும் குளியலறையில் உட்கார்ந்து விடியக் காத்திருந்தாராம். சொல்லிவிட்டு நாங்கள் கேட்காமலேயே இரண்டு பன்னை அதிகமாகப் பையில் போட்டார்.

பதினொன்றரைக்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் வேகம் 110. ஒரு ரோட் ட்ரெயினை முந்தினோம். ஒரே லாரிக்குப் பின்னால் பெட்டி பெட்டியாகக் கோத்து 53 மீட்டர் நீளம்வரை வருகின்றன. முந்தி முடிக்கும்வரை தென்காசிக்காரன் மூச்சே விடவில்லை. எதிரே வருகிற ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குகிறார்கள். அதுதான் அங்கே வணக்கம். ஒரு மணி நேரம் போனதும் நாங்களும் தூக்க ஆரம்பித்துவிட்டோம். ஓவர்லேண்டர் பங்கில் பெட்ரோல் லிட்டர் 2.30 டாலரைத் தாண்டியது. பெர்த்தைவிட அரை டாலர் அதிகம். ஆனாலும் அங்கே ஊற்றாமல் போகிறவர் கிடையாது.

ஹமலின் பூலில் ஸ்ட்ரோமட்டோலைட்டுகள். கரையோரத் தண்ணீரில் கறுத்த பாறை மாதிரி கிடக்கின்றன, ஆனால் நுண்ணுயிர்கள் ஏடு ஏடாகக் கட்டுகிற உயிருள்ள திட்டுகள். பூமியில் முதல்முதலாகத் தோன்றிய உயிர்களின் வழிமுறை இது. தண்ணீர் கடலைவிட இரண்டு மடங்கு உப்பு என்பதால் அவற்றை மேய்கிற நத்தைகள் வாழ முடியாது. அதனால் பிழைத்துக் கிடக்கின்றன. பார்வையாளர் பாலத்தை அதே செரோஜா பிய்த்துப்போட்டுவிட்டதால் கரையிலிருந்துதான் பார்த்தோம்.

திரும்பி டென்ஹாம் சாலையில் ஏறிப் பத்து நிமிடம் இருக்கும். மணி நாலே முக்கால். பின்னால் இடதுபக்கம் தடதடவென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் டயர் பக்கவாட்டில் கிழிந்து தொங்குகிறது. டென்ஹாம் இன்னும் 90 கிலோமீட்டருக்கு மேல். நாலு போனிலும் சிக்னல் இல்லை. ஜாக்கி வைத்து ஸ்டெப்னியை மாட்டி இறக்கினோம். இறக்கியதும் அது தரையோடு அமுங்கியது. அதில் காற்றே இல்லை. வண்டியை வாடகைக்குக் கொடுத்த இடத்தில் 'எல்லாம் பார்த்தாச்சு' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியது அந்த ஸ்டெப்னியைத்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே வாடகைத் தாளில் இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டக் கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் கங்காருகள் சாலைக்கு வரும்.

இருபது நிமிடம் ஒரு வண்டியும் இல்லை. காற்றும் எங்கள் மூச்சும்தான் சத்தம். பிறகு தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, கேரவன் இழுத்து வரும் வண்டி. நாங்கள் கை காட்டுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டது. எழுபது தாண்டிய தம்பதி. பெரியவர் இறங்கி "தண்ணீர் இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டார். டயரைப் பற்றி அப்புறம்தான். தன் வண்டி பேட்டரியிலிருந்து வயர் இழுத்து ஒரு சின்னக் கம்ப்ரசரை மாட்டினார். செம்மண்ணில் முழங்காலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று நின்றதும் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்தார். குமிழ் வரவில்லை. "பிடிக்கும்" என்றார். எங்கள் ஊர் சைக்கிள் கடையில் பார்த்த அதே எச்சில், அதே விரல்.

அதற்குள் அந்த அம்மா கேரவனுக்குள் டீ போட்டு ஆறு கோப்பையோடு வந்துவிட்டார். தங்கச்சி கால்பாரியில் காலையில் செய்த எலுமிச்சைச் சாதத்தைத் தட்டில் போட்டு நீட்டினாள். நின்றபடியே சாப்பிட்டார்கள். அந்த அம்மா ஒரு கறிவேப்பிலையை விரலால் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அதையும் தின்றார். நோட்டுப் புத்தகம் எடுத்து வந்து, எப்படிச் செய்வது என்று கேட்டு எழுதிக்கொண்டார். "கடுகு வெடிக்கணும், அதுக்கப்புறம்தான் மஞ்சள்" என்று தங்கச்சி இரண்டு தரம் சொன்னாள்.

பணம் என்று வாயெடுத்ததுமே பெரியவர் கையை ஆட்டி மறுத்தார். "நீங்கள் முன்னால் போங்கள், மெதுவாகப் போங்கள், நாங்கள் பின்னால் வருகிறோம்" என்றார். அறுபதில் போனோம். இருட்டியது. வெளிச்சத்தின் ஓரத்தில் கங்காருகள் நிமிர்ந்து நின்று பார்த்தன. ஒன்று குறுக்கே பாய்ந்தது. நண்பன் பிரேக்கை மிதித்தான், ஒரு கை அகலத்தில் தப்பியது. கண்ணாடியில் அந்த இரண்டு விளக்குகளும் டென்ஹாம் வரை விலகவே இல்லை. ஊர் வெளிச்சம் தெரிந்ததும் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுக் கேரவன் பூங்காப் பக்கம் திரும்பிப் போனார்கள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்: டென்ஹாம் – மங்கி மியா

டயருக்கு 290 டாலர். வாடகைக் கம்பெனிக்குப் போன் செய்தால், ஸ்டெப்னியில் காற்றுப் பார்ப்பது எடுத்துப்போகிறவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். வாடகை வண்டி எடுக்கிறவர்கள் முதல் வேலையாக ஸ்டெப்னியை அமுக்கிப் பாருங்கள், தயவுசெய்து.

காலையில் கேரவன் பூங்காவில் அந்தத் தம்பதியைத் தேடினோம். விடிந்ததுமே கிளம்பிவிட்டார்களாம்.

மங்கி மியாவில் ஓங்கில்கள் (டால்பின்கள்) தாமாகவே கரைக்கு வருகின்றன. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று ஊழியர் பேச, நாங்கள் வரிசையாகக் கரையில் நின்றோம். தொடக் கூடாது. சில பெண் ஓங்கில்களுக்கு மட்டும், தினசரித் தேவையில் ஒரு சின்னப் பங்கு மீன்தான் தருவார்கள். முன்பு கணக்கில்லாமல் கொடுத்த காலத்தில் தாய்கள் கரையிலேயே கிடந்து குட்டிகள் நிறையச் செத்தனவாம். மீன் கொடுக்கத் தங்கச்சியைக் கூப்பிட்டார்கள். ஓங்கில் பக்கவாட்டில் சாய்ந்து ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. கரைக்கு வந்த பிறகும் அவள் கை ஈரத்தைத் துடைக்கவில்லை.

சாயங்காலம் டென்ஹாம் கடற்கரை. முத்துக்குளிப்பில் பிறந்த ஊர் இது. ஒரு காலத்தில் தெருவுக்கே முத்துச்சிப்பி பரப்பியிருந்தார்களாம். எங்கள் முத்துக்குளித்துறையில் கடைசியாகக் குளித்தது 1961-இல். அதற்குப் பின் சிப்பி விளைகிற கடலடிப் பார்கள் தேறவேயில்லை. டென்ஹாமிலும் இயற்கை முத்து தீர்ந்துபோய் மீனுக்கு மாறிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 14, புதன்: ஷெல் பீச் – கார்னார்வன்

ஷெல் பீச்சில் மணலே கிடையாது. சுண்டு விரல் நகம் அளவு வெள்ளைச் சிப்பிகள், சில இடத்தில் பத்து மீட்டர் ஆழம்வரை. நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

கார்னார்வன் வந்ததும் வாழைத்தோப்பு. இத்தனை நாள் வறண்ட மண்ணுக்குப் பிறகு அந்தப் பச்சையைப் பார்த்து நாலு பேரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டோம். காஸ்கோய்ன் ஆற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் கீழே முழுக்க மணல். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடுகிறது. பாலாற்று ஊற்று மாதிரிதான். அதை இறைத்துத்தான் இவ்வளவும் விளைகிறது.

தோப்பு வாசலில் ஆளில்லாத கடை. ஒரு மேசை, பை பையாக வாழைப்பழம், பப்பாளி, காசு போட ஓட்டை வைத்த இரும்புப் பெட்டி. ஒரு பை 4 டாலர். எங்களிடம் கார்டும் ஒரு 50 டாலர் நோட்டும்தான். பார்க்க யாருமே இல்லை. நாயைக்கூடக் காணோம். ஊருக்குள் திரும்பிப் போய்ப் பெட்ரோல் பங்கில் சில்லறை மாற்றி வந்து, பெட்டியில் 8 டாலர் போட்டுவிட்டு இரண்டு பை எடுத்தோம். மோரிஸ் ரகம்தான், ஆனால் குட்டையானது, நல்ல இனிப்பு. "நம்ம ஊரு மட்டிப் பழத்துக்கு அடுத்தது இதாம்லே" என்றான் தென்காசிக்காரன். அவனிடமிருந்து அது பெரிய சான்றிதழ்.

ஆகஸ்ட் 15, வியாழன்: கோரல் பே

மினில்யா தாண்டி ஒரு வண்டி பானட்டைத் திறந்து ஓரமாக நின்றது. நண்பன் தானாகவே வேகத்தைக் குறைத்தான். "தண்ணி இருக்கா?" என்று கேட்டோம். இருக்கிறது, சூடாகிவிட்டது, ஆறினால் போய்விடுவேன் என்று கட்டைவிரலைக் காட்டினார். மகர ரேகைப் பலகையைத் தாண்டியதும் வெயில் சுள்ளென்று விழுந்தது.

கோரல் பேயில் படகே வேண்டாம். கரையிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நீந்தினால் பவளம். நீச்சல் கண்ணாடியும் காலில் மாட்டும் துடுப்பும் வாடகைக்கு 15 டாலர். முகத்தை அமிழ்த்தினேன். முட்டைக்கோஸ் விரிந்தது மாதிரி ஒன்று, அதற்கடுத்து மான்கொம்பு, ஊதா, மஞ்சள், பச்சை. காதுக்குள் கறுக் கறுக் என்று ஒரு சத்தம். கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கிற சத்தம்.

நீருக்குள்ளேயே தொண்டை அடைத்தது. தூத்துக்குடிக்கு எதிரேயும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் எங்கள் ஆட்கள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். வண்டி வண்டியாகக் கரைக்கு வந்ததை அப்பா பார்த்திருக்கிறார். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்குக் கீழே. நான் நீந்திய இந்த நிங்காலூ பவளத்திட்டோ 2011-இல் உலகப் பாரம்பரியச் சொத்தானது. கரையில் பத்து வயசுப் பையன் ஒருவன் பவளத்தில் கால் ஊன்றிய ஒருவரைப் பார்த்து, "ஐயா, அதற்கு உயிர் இருக்கிறது" என்றான். அவர் உடனே காலை எடுத்தார். எங்கள் கடற்கரையிலும் ஒரு பையன் அப்படிச் சொல்ல வேண்டும், கேட்பவர் காலை எடுக்க வேண்டும் என்று ஏங்கினேன்.

ஆகஸ்ட் 16–17, வெள்ளி, சனி: எக்ஸ்மவுத்

1967-இல் கடற்படைத் தொடர்பு நிலையத்துக்காகப் பிறந்த ஊர். எமு பறவைகள் குஞ்சுகளோடு தெருவைக் கடக்கின்றன. வண்டிகள் நின்று காத்திருக்கின்றன. டர்க்காய்ஸ் பேயில் நீரோட்டமே நம்மைப் பவளத்தின் மேல் இழுத்துப் போகும். மணல் முனைக்கு முன்னால் கரையேறிவிட வேண்டும். தென்காசிக்காரன் கொஞ்சம் பிந்திவிட்டான். கரையில் இருந்த ஒரு பெண் ஓடிவந்து, எந்தப் பக்கம் நீந்த வேண்டும் என்று கை காட்டிக்கொண்டே கூட நடந்தாள். அவன் மணலில் வந்து விழுந்த பிறகுதான் தன் துண்டை எடுக்கப் போனாள்.

சனிக்கிழமை மாலை விளாமிங் ஹெட் கலங்கரை விளக்கக் குன்று. 1912-இல் கட்டியது. கிழக்கே வளைகுடா, மேற்கே பெருங்கடல். தூரத்தில் திமிங்கிலங்கள் விடும் நீர்ப்புகை வெள்ளையாக எழுந்து கரைந்தது. ஆச்சரியமாகச் சிக்னல் நன்றாக இருந்தது. அப்பாவுக்கு வீடியோ போட்டேன். அங்கே மணி நாலு ஆகவில்லை. வேட்டியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க நிக்க?"

"கடலுக்கு மேல ஒரு குன்றுப்பா. சூரியன் கடலுக்குள்ள இறங்குது பாருங்க."

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அறுபத்தெட்டு வருடமாகக் கடலிலிருந்து சூரியன் எழுவதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். எங்கள் ஊரில் அது மறைவது பனைமரங்களுக்குப் பின்னால்.

"முழுசா முங்குற வரைக்கும் காட்டுல" என்றார்.

இரண்டு கையாலும் போனைப் பிடித்து, ஆடாமல் நின்றேன்.